மொட்டை மாடி வெடியும் பிள்ளையாரின் முதல் குடமும்

1

இதை எழுதலாமா என்று யோசித்தே எத்தனையோ நாள் போய்விட்டது. எழுத உட்காருவேன். அண்ணன் முகம் கண் முன்னால் வரும். எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன். நான் படித்தது பத்தாம் வகுப்பு. பிறந்து வளர்ந்தது தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணை. கல்யாணமாகி, இவருக்கு ஜெர்மனியில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை கிடைத்து, அப்படி இங்கே வந்து சேர்ந்தவள். ஊரை விட்டுப் போனவளுக்கு ஊர் விஷயத்தில் என்ன வாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அண்ணன் அதைக் கேட்டும் விட்டார்.

இந்த வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் அண்ணி கஸ்தூரி ஒரு போட்டோ அனுப்பினார்கள். எங்கள் தெரு முனைப் பிள்ளையார். சந்தனக்காப்பு, அருகம்புல் மாலை, எருக்கம்பூ. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து போட்டோ வந்தால் கும்பிடுவதற்கு முன்னால் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்போம். யார் நிற்கிறார்கள், யார் இளைத்திருக்கிறார்கள், சுவருக்கு என்ன பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று. அப்படி இழுத்தபோதுதான் பார்த்தேன். கருவறைப் படியில் ஒரு நீலக் கலர் தண்ணீர் கேன். கம்பெனி ஸ்டிக்கரைக் கூடக் கிழிக்காத கேன். அதிலிருந்து சரித்துப் பிடித்துத்தான் குருக்கள் அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுத்திருக்கிறார்.

அந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பித்தளைக் குடம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இருக்க வேண்டும். அது ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். மனசு கசந்துதான் எழுதுகிறேன். இனிப்பாக எழுத வரவில்லை.

2

எங்கள் அப்பா பல்லாவரம் பக்கம் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே பட்டறைத் தண்ணீர் போய்ப் போய் அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் கெட்டுப்போனதைக் கண்ணால் பார்த்தவர். வாளியில் தண்ணீர் இறைத்தால் சோப்பு நுரை மாதிரி மேலே நிற்குமாம். குடித்தனம் இருந்த வீட்டிலிருந்து அம்மா ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் வந்தவள். அதனால் அப்பா மனை வாங்க அலைந்தபோது பஸ் வசதி பார்க்கவில்லை, ஸ்கூல் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார். பீர்க்கன்கரணை ஏரி பக்கத்தில் இருக்கிறது, ஊற்று இருக்கும் என்று வாங்கினார். கிணற்றுக்கு உறை இறக்கும்போது, "பிள்ளையாரப்பா, நல்ல தண்ணி காட்டு. தினமும் முதல் குடம் உனக்கு" என்று வேண்டிக்கொண்டார்.

தண்ணீர் இளநீர் மாதிரி வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். காலையில் யாரும் பல் விளக்குவதற்கு முன்னால் ஒரு குடம் இறைத்து, தெரு முனைக் கோயில் படியில் வைத்துவிட்டு வர வேண்டும். அப்பா இருந்தவரை அப்பா. அதற்குப் பிறகு அண்ணி. படப்பையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர் அண்ணி. பெற்ற மகள் நான் இங்கே பனியில் கிடக்கிறேன், மருமகள் அந்தக் குடத்தைத் தூக்கினார். பெருவெள்ளம் வந்து தெருவில் படகு போன போதுதான் குடம் நின்றது. தண்ணீர் வடிந்ததும் அண்ணன் ஆள் விட்டுக் கிணற்றைக் கலக்கி இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி இறைத்து, மறுபடி குடத்தைக் கொண்டுபோய் வைத்தார். அப்படிப்பட்டவர்தான் என் அண்ணன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

தீபாவளி அன்றைக்கு அப்பா எங்களைத் தட்டி எழுப்பிக் கிணற்றடிக்கு இழுத்துப் போவார். "இன்னிக்கு நம்ம கெணத்துல கங்கை வந்திருக்கா. வாங்க" என்பார். எல்லாத் தண்ணீரிலும் அன்றைக்கு கங்கை இருக்கிறாள் என்றுதானே பெரியவர்கள் சொன்னார்கள். அதனால்தானே ஒருவரை ஒருவர் பார்த்ததும் கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்கிறோம்.

இன்னொன்றும் அப்பா செய்வார். மாடியிலிருந்து கிணற்றுக்கு மழைத் தண்ணீர் இறங்க ஒரு பைப் உண்டு. அதன் நடுவே திருப்பிவிடக்கூடிய ஒரு முழங்கை, வளைந்த பைப் துண்டு. முதல் மழைக்கு அதைத் தெருப்பக்கம் திருப்பிவிடுவார். மாடித் தூசி, காக்கை எச்சம் எல்லாம் கழுவிக்கொண்டு வெளியே ஓடின பிறகுதான் கிணற்றுப் பக்கம் திருப்புவார். இதில் பெரிய படிப்பு ஒன்றுமில்லை. பிள்ளையாருக்குப் போகிற தண்ணீர் என்ற பயம், அவ்வளவுதான்.

3

இந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். நான் முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே நினைத்த நாளில் வெடி வெடிக்க முடியாது. புது வருஷத்துக்கு மட்டும்தான் கடையில் விற்பார்கள். மற்ற நாளில் வேண்டுமென்றால் நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும்.

வந்த புதிதில், எங்கள் ஊரில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் எல்லோரும் சேர்ந்து தீபாவளிக்கு நாலு புஸ்வாணமாவது விடலாம் என்று பேசினோம். அனுமதி கேட்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் மகள் நிலா அப்போது சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நானே பேசிவிடலாம் என்று ஒரு திமிர். வாணவேடிக்கைக்கு அவர்கள் பாஷையில் என்ன வார்த்தை என்று தெரியாது. இல்லத்தில் தீ விபத்துப் பயிற்சியில் கேட்ட வார்த்தையை வைத்து, "எங்கள் சாமிக்காகக் குழந்தைகளோடு சேர்ந்து ஒரு வெடிவிபத்து நடத்த அனுமதி வேண்டும்" என்று சொல்லியிருக்கிறேன். அதிகாரி அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். நிலா முகம் சிவந்து, அவசரமாகத் திருத்திச் சொன்னாள். வெளியே வந்ததும், "அம்மா, இனிமே என்னை இந்த மாதிரி இடத்துக்குக் கூப்பிடாதே" என்றாள். அதற்குப் பிறகு அவள் வரவும் இல்லை. இப்போது வீட்டில் நான் தமிழில் கேட்கிறேன், அவள் அவர்கள் பாஷையில் பதில் சொல்கிறாள். விளக்கேற்றினால் கதவருகே வந்து நிற்பாள், உள்ளே வர மாட்டாள்.

அந்த அதிகாரி கேட்ட கேள்விகள் மட்டும் மறக்கவில்லை. பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா, முதியோர் இல்லம் இருக்கிறதா, குப்பையை அள்ளப்போவது யார், மழை பெய்தால் தண்ணீர் எங்கே போய் வடியும் என்று கேட்டாள். நாலு புஸ்வாணத்துக்கா இத்தனை என்று அன்றைக்கு எரிச்சல் வந்தது. கடைசியில் அனுமதி கிடைக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் கம்பி மத்தாப்பு கொளுத்திக் குளிரில் நடுங்கிக்கொண்டே வாழ்த்துச் சொல்லிக்கொண்டோம்.

இவர்கள் மட்டும் பெரிய யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. புது வருஷத்துக்கு இதே ஊர் வெடித்துத் தள்ளும். மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போகும்போது இல்லத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் ராக்கெட் குச்சியும் பிளாஸ்டிக் மூடியும் மிதக்கும். தண்ணீர் எங்கே வடியும் என்று அன்றைக்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை எங்களுக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அது சரியான கேள்வி. ஊரில் எங்கள் தெருவில் ஒருத்தராவது அதைக் கேட்டிருக்கலாம்.

4

முன்பெல்லாம் எங்கள் தெருவில் எல்லோரும் வாசலில்தான் வெடிப்போம். பிறகு தெரு முழுக்கக் கார் வந்துவிட்டது. எதிர்வீட்டு ரிடையர்டு சாருக்கு மூச்சுத்திணறல். ஒரு நாய் மிரண்டு ஓடி ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரியில் அடிபட்டது. குடியிருப்போர் சங்கத்துக்கு அண்ணன்தான் செயலாளர். சந்திரன் சார் என்றால் எல்லோருக்கும் மரியாதை. அவர்தான் யோசனை சொன்னார், இனி அவரவர் வெடி அவரவர் மொட்டை மாடியில், தெருவில் ஒரு துண்டுக் காகிதம் விழக்கூடாது என்று. எல்லோரும் கை தட்டினார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். பிறத்தியாருக்குத் தொல்லை வேண்டாம் என்றுதான் மாடிக்கு ஏறினார்கள்.

அந்த வருஷத் தீபாவளிக்கு வீடியோ காலில் அண்ணன் மாடியைச் சுற்றிக் காட்டினார்.

"மீனா, பாரு, பாரு. கீழ தெரு எப்படிக் கண்ணாடி மாதிரி இருக்கு! கார்ப்பரேஷன்காரன் அவார்டு குடுக்கணும் எனக்கு."

"மேலே குப்பை மலையா இருக்கேண்ணா."

"மேல யாரு வந்து பாக்கப் போறா? டேய் விக்கி, அத்தைக்கு அந்த ஷாட்டை விட்டுக் காட்டுடா."

விக்னேஷ் அண்ணன் மகன். ஐ.டி. கம்பெனியில் வேலை. அவன் பற்றவைத்தான். வானம் பச்சையும் சிவப்புமாக உதிர்ந்தது. அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சொல்லிக்கொண்டா வரும். எல்லோரும் சிரித்துக்கொண்டு படிக்கு ஓடினார்கள். அண்ணன் கையில் போன் சாய்ந்துவிட்டது. தரை தெரிந்தது. கரியும் சாம்பலும் சிவப்புக் காகிதமும் கலந்த தண்ணீர் சுழித்துக்கொண்டு மூலையில் இருந்த பைப் ஓட்டைக்குள் இறங்கியது.

"அண்ணா, பைப்பைத் திருப்பி விட்டியா?"

"எந்தப் பைப்பை?"

"அப்பா திருப்புவாரே, அந்த முழங்கை."

"அதையெல்லாம் மாடிக்கு டைல்ஸ் போட்டப்பவே சிமென்ட் வெச்சுப் பூசியாச்சும்மா. ஒரு சொட்டு வீணாப் போகாது. நேரா கெணத்துக்குத்தான். இந்தத் தெருவுலயே மழைநீர் சேகரிப்பை ஒழுங்கா பண்றவன் நான் ஒருத்தன்தான், தெரியுமா?"

பெருமையாகத்தான் சொன்னார். வாசலைச் சுத்தமாக வைத்தார், மழைத் தண்ணீரையும் சேர்த்தார். இரண்டும் நல்ல காரியம். இரண்டையும் ஒரே நாளில் செய்ததில் அப்பாவின் கிணறு போனது.

5

அடுத்தடுத்த வருஷங்களில் அண்ணி போனில் இழுத்து இழுத்துச் சொன்னார்கள். தண்ணீரில் ஒரு மாதிரி வாடை வருகிறது, மேலே கறுப்பாக ஆடை கட்டுகிறது, பொங்கல் வரைக்கும் அப்படி இருந்துவிட்டு அப்புறம் குறைகிறது என்று. மழைத் தண்ணீர் இறங்கும் இடத்தில் கூழாங்கல்லும் கரியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி இருந்தது. அதில் வெடிக் காகிதம் போய் அடைத்து, மருந்தோடு ஊறி, அழுகிய முட்டை நாற்றம். வருஷா வருஷம் ஒரு அடுக்கு. தொட்டி அடைத்துக்கொண்டதும் வழிந்ததெல்லாம் கிணற்றுக்குள் போனது.

கடைசியில் ஒரு நாள் குருக்களே வீட்டுக்கு வந்துவிட்டாராம். வாசலிலேயே நின்று தயங்கித் தயங்கிச் சொன்னாராம்.

"அம்மா, தப்பா எடுத்துக்கப்படாது. ஜலத்துல வாடை அடிக்கறது. அபிஷேகம் ஆனப்புறம் ஸ்வாமி மேல பிசுபிசுன்னு நிக்கறது. கொஞ்ச நாளைக்கு வேண்டாமே."

அண்ணி அன்றைக்குக் குடத்தைத் திருப்பி எடுத்து வந்தார்கள். "தெருவே பாக்குது மீனா. நெறைஞ்ச குடத்தைக் கோயில்லேர்ந்து திருப்பி எடுத்துட்டு வர்றேன். தலைவாசல் நுழையவே கூசுச்சு" என்று அழுதார்கள்.

அண்ணனிடம் கேட்டால், "அதெல்லாம் அந்தப் புது அப்பார்ட்மென்ட் செப்டிக் டேங்க் ஊறி வருது" என்பார். இல்லையென்றால் ஏரியில் கழிவு கலக்கிறார்கள் என்பார். அதுவும் இருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. தண்ணீரை டெஸ்டுக்குக் கொடுத்துப் பாரேன் என்றேன். "கெட்ட தண்ணின்னு எழுத்துல குடுத்துட்டான்னா, நாளைக்கு வீட்டை எவன் மதிப்பான்? ஊருக்கே சொல்லிக்கணுமா?" என்று போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டார்.

6

போன வருஷம் லீவு போட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். நிலா வரவில்லை. அவளுக்குப் பரீட்சை என்றாள். எனக்குத் தெரியும், வர இஷ்டமில்லை.

முதல் வேலையாகக் கிணற்றைத் தூர் வார ஆள் பிடித்தேன். முனுசாமி என்று ஒருவர், இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மோட்டார் வைத்து இறைத்துவிட்டு உள்ளே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"யக்கா! இன்னாக்கா இது, கெணத்துக்குள்ள பட்டாசுக் கட வெச்சிகினு கீறீங்களா?"

"ஏன் முனுசாமி?"

"வாளிய இஸ்து பாரு, தெரியும். கப்பு நாத்தம் தாங்கல. மேலேர்ந்து பைப்பு வுட்டுகிறீங்களே, மாடில இன்னாதான் பண்றீங்கோ?"

விக்னேஷ் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "தீபாவளிதாண்ணா, வேற என்ன?"

"ஓகோ. மேல தீவாளி, கீழ கருமாதியா? நல்லா கீதுப்பா உங்க கொண்டாட்டம்."

வாளி மேலே வந்தது. மை மாதிரிச் சேறு. அதில் கூழாகிப்போன காகிதம். ஒரு துண்டு மட்டும் கூழாகாமல் மெழுகுத் தாளாக இருந்தது. எடுத்துத் துடைத்தேன். லட்சுமி வெடியின் மேல் ஒட்டியிருந்த படம். தாயார் பாதி முகமும் ஒரு தாமரையுமாக இருந்தாள். அவளை நடுவில் திரி வைத்துக் கொளுத்தியிருக்கிறோம், துடைப்பத்தால் கூட்டியிருக்கிறோம், பிள்ளையாருக்குப் போகிற தண்ணீரில் போட்டிருக்கிறோம். இந்த மூன்றில் எதைச் சொல்லி எந்தச் சாமியிடம் மன்னிப்புக் கேட்பது? அண்ணி அந்தத் துண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துளசி மாடத்தடியில் புதைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் மாடியில் வைத்துப் பேசினேன். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய வெடிப் பெட்டிகளை வெயிலில் காயவைத்துவிட்டு எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இந்த வருஷம் நம்ம மாடியில வேண்டாம்ணா. கெணறு இப்பதான் சுத்தமாச்சு. குடம் மறுபடி கோயிலுக்குப் போகட்டும். வேற எதுவும் உன்கிட்ட நான் கேக்கல."

"வருஷத்துல ஒரு நாளு மீனா."

"ஒரு நாள்தான். அந்த நாள்தான் மழையும் வருது."

"ஜி.எஸ்.டி. ரோட்டுல நாள் முழுக்க லாரிப் புகை. ஒரகடம் பக்கம் கம்பெனிப் புகை. அதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியல. சந்திரன் விடற புஸ்வாணம் மட்டும்தான் உலகத்தைக் கெடுக்குது, இல்ல? ஏன், உங்க ஊர்ல நியூ இயருக்கு வெள்ளக்காரன் வெடிக்கல? அவன் வெடிச்சா கொண்டாட்டம், நாம வெடிச்சா பொல்யூஷனா?"

"அவனும் தப்புதாண்ணா பண்றான். அவன் தண்ணி அவன் பாடு. நான் நம்ம கெணத்தைப் பத்திக் கேக்கறேன்."

"அத்தை ஜெர்மன் இன்ஸ்பெக்டர் ஆயிட்டாங்கப்பா" என்றான் விக்னேஷ். "ரெய்டுக்கு வந்திருக்காங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "உனக்கு ஞாபகம் இருக்கா மீனா, எதிர்வீட்டு வாசல்ல வெடிக்காம போன வெடியை நாம பொறுக்குவோமே? பிரிச்சு, மருந்தைக் கொட்டி, புஸ்ஸுனு கொளுத்துவோமே? அன்னிக்கு அவங்க வீட்டு அம்மா என்ன சொல்லி வெரட்டுச்சு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதை எழுத மாட்டேன்.

"அன்னிக்கே முடிவு பண்ணேன். என் வீட்டு மாடி ஜெகஜ்ஜோதியா இருக்கணும்னு. சரி விடு. நீ கேட்டுட்ட. இந்த வருஷம் மாடியில ஒண்ணும் கெடையாது, போதுமா?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, கிணற்றில் முதல் குடம் இறைத்தேன். தண்ணீர் வெறும் தண்ணீராக மணத்தது. குடத்தை என் கையிலிருந்து அண்ணனே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார், அப்பா போவது மாதிரியே, கால் சற்றே சாய்த்து. குருக்கள் உள்ளங்கையில் ஊற்றி முகர்ந்து பார்த்தார். குடத்தை உள்ளே எடுத்துப் போனார். அந்தத் தண்ணீர் பிள்ளையார் தும்பிக்கையில் வழிந்தபோது நான் கும்பிட்ட கும்பிடு போல் வேறெப்போதும் கும்பிட்டதில்லை.

பொழுது சாய்ந்ததும் எல்லா மாடியிலும் வெடி கிளம்பியது. எங்கள் மாடியில் அகல் விளக்கு மட்டும். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையன் மாதிரி. பக்கத்து மாடியிலிருந்து ஒருவர் உரக்கக் கேட்டார்.

"என்ன சந்திரன் சார், விளக்கோட நிறுத்திட்டீங்க? வீட்ல யாராவது தவறிட்டாங்களா? சொல்லவே இல்லையே!"

சாவு விழுந்த வீட்டில்தான் அந்த வருஷம் தீபாவளி கிடையாது. அவர் கிண்டலாகத்தான் கேட்டார், கேட்டுவிட்டுச் சிரித்தார். சுற்றியிருந்த மாடிகளும் சிரித்தன. அண்ணன் கீழே இறங்கிப் போனார். அன்று இரவு என்னோடு பேசவில்லை. நான் விமானம் ஏறும் நாள்வரை தேவைக்கு மட்டும் பேசினார். மீனம்பாக்கத்தில் இறக்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். "ஊரை விட்டுப் போயிட்ட. அங்கேயே நல்லா இரு" என்றார். ஆசீர்வாதம்தான். ஆசீர்வாதம் மட்டும்தானா என்று இன்னும் தெரியவில்லை.

7

நீலக் கேன் போட்டோவைப் பார்த்துவிட்டு அண்ணிக்குப் போன் போட்டேன். என்ன அண்ணி, தண்ணீர் நன்றாகத்தானே இருந்தது, குடம் எங்கே என்றேன்.  அண்ணி குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

"கெணத்தை மூடிட்டாரு மீனா. ஆனி மாசமே. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னாரு."

"மூடிட்டாருன்னா?"

"ரப்பிஷ் கொட்டி நெரவி, மேல காங்கிரீட் போட்டாச்சு. இப்ப விக்கி கார் நிக்குது. கெணறு இருந்தாதானே தங்கச்சிக்குப் பேச்சு, இனிமே எவனும் என்னை எழவு வீடான்னு கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நான் காலைப் பிடிச்சேன். கேக்கல. கடைசில ஒரு பைப்பாவது விடுங்க, கெணறு மூச்சு விடணும், இல்லன்னா குடும்பத்துக்கு ஆகாதுன்னேன். அதுக்கு மட்டும் சரின்னாரு."

கிணற்றை மூடினால் ஒரு குழாயை நட்டு மேலே தலை தெரிய விட்டு மூட வேண்டும் என்பது நம் வழக்கம். உயிரோடு இருந்ததை அடைக்கிறோம், மூச்சாவது விடட்டும் என்று. அந்தக் குழாய் மட்டும்தான் இப்போது அப்பாவின் கிணறு.

கேன் தண்ணீர் கோயிலுக்கு அண்ணனே ஏற்பாடு செய்துவிட்டாராம், வருஷம் முழுவதற்கும். "தண்ணி தண்ணிதானே மீனா, மந்திரம் அதே மந்திரம்தானே" என்றார்கள் அண்ணி. எனக்குச் சொன்னார்களா, அவர்களுக்கே சொல்லிக்கொண்டார்களா தெரியாது.

வெடியை நிறுத்தச் சொன்னேன். கிணற்றை நிறுத்திவிட்டார்கள். மாடித் தண்ணீர் இப்போது நேராகத் தெருவுக்கு வருகிறது. தெருவிலிருந்து ஏரிக்குப் போகிறது. எல்லா மாடித் தண்ணீரும்.

இங்கே எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். காலையில் காபிக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் அவருக்கு வைப்பேன். குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர், வாடை இல்லாத தண்ணீர். எந்த மலையிலிருந்து வருகிறதோ, யாருக்கு வேண்டிக்கொண்டு யார் தோண்டியதோ. அந்நிய ஊரில் பிள்ளையாருக்கு ஊற்ற நல்ல தண்ணீர் இருக்கிறது. அவர் ஊரில் அவர் கேனுக்குக் காத்திருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு இந்தத் தண்ணீரும் தொண்டையில் இறங்குவதில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப மனசு வராமல் வைத்திருந்தேன். பிறகு இந்தத் தீபாவளி வந்தது. அண்ணன் வீடியோ காலில் வந்தார். பழைய மாதிரி வாய் நிறையச் சிரிப்பு. கோபமெல்லாம் போய்விட்டது என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"மீனா, கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"ஆச்சுண்ணா. உங்களுக்கு?"

"ஆச்சு, ஆச்சு. மழை ஓதம், மாடியெல்லாம் வழுக்குது. அதனால ராக்கெட்டை மட்டும் கீழ வெச்சுட்டோம். இங்க பாரு, பாட்டிலே தேவையில்லை. சாயவே சாயாது. என்ன ஒரு ஸ்டாண்டு பாரு!"

போனைத் திருப்பிக் காட்டினார். காங்கிரீட் தரையில் நட்டு நிற்கும் அந்தக் குழாய். அதில் ஒரு ராக்கெட் செருகியிருந்தது. விக்னேஷ் குனிந்து திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தான். பின்னால் அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள். போன் பக்கம் பார்க்கவில்லை.

ராக்கெட் போனது. குழாய் வாயிலிருந்து புகை வந்தது. மேலே போவது போக மீதிப் புகை உள்ளே இறங்கியது.

அண்ணனுக்கு அது என்ன குழாய் என்று மறந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என்னை நோகடிக்க அவர் காட்டவில்லை. தெரிந்து செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பின்னால் நிலா வந்து என் தோள் மேல் எட்டிப் பார்த்தாள். "அது என்ன பைப்?" என்று அவர்கள் பாஷையில் கேட்டாள். என்ன சொல்வது? கிணறு என்பதற்கு வார்த்தை தெரியும். மூச்சு என்பதற்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவளுக்கு அது என்னவாகக் கேட்கும்? "ராக்கெட் வைக்கிற குழாய்" என்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

பெற்ற மகளுக்கே வாயால் சொல்ல வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். படித்துவிட்டு யாருக்காவது அனுப்பத் தோன்றினால் இருக்கிறபடியே அனுப்புங்கள். மேலே விளக்குப் படம் ஒட்ட வேண்டாம். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று கீழே எழுத வேண்டாம். அண்ணன் குடத்தைத் தோளில் தூக்கிப்போனதை எடுத்துவிட்டால் அவர் கெட்டவராகிவிடுவார், அது பொய். குழாயை எடுத்துவிட்டால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள், அதுவும் பொய். கை மாறிக் கை மாறி இது ஒரு நாள் பீர்க்கன்கரணைக்கும் போகும், அண்ணன் போனிலும் வந்து விழும். ஒரு வார்த்தை மாறியிருந்தாலும், இது மீனா எழுதினதே இல்லை என்று சொல்லி மூடிவிடுவார். மாறாமல் இருந்தால் அப்படிச் சொல்ல அவருக்கு வாய் வராது.